பம்பர் டு பம்பர் சரி, நடுவில் இருப்பவர்கள்?

காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்தால் நம் வீடுகளில் எழும் கேள்விகள் மூன்றுதான். ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியா? தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்கு முழுப் பணம் தரும் பம்பர் டு பம்பர் போடலாமா? போன வருஷத்தைவிட எவ்வளவு குறையும்? மூன்றுமே வண்டியைப் பற்றிய கேள்விகள். ஹெட்லைட் உடைந்தால் முழுப் பணமா பாதியா என்பதில் நமக்கு இருக்கும் தெளிவு, பின்சீட்டில் உட்கார்ந்து வரும் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் இந்தப் பாலிசி என்ன தரும் என்பதில் இல்லை. ஏஜென்டும் சொல்வதில்லை. கேட்டால்தானே சொல்ல?

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு பலருக்கு நினைவிருக்கும். செப்டம்பர் 1 முதல் விற்கிற ஒவ்வொரு புது வண்டிக்கும் ஐந்து வருடத்துக்கு ‘பம்பர் டு பம்பர்’ இன்சூரன்ஸ் கட்டாயம் என்றது. ஷோரூம்கள் பதறின, இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடக்காத காரியம் என்றன, செப்டம்பர் 13 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதோடு எல்லோரும் மறந்துபோனோம். வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்குக்கும் பம்பருக்கும் சம்பந்தமே கிடையாது. காருக்குள் இருந்து இறந்துபோன ஒருவரின் குடும்பத்துக்கு 14 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் சொச்சம் தரச் சொல்லி ஈரோடு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தக் காருக்கு இருந்தது ‘ஆக்ட் பாலிசி’, அதாவது நாம் தேர்ட் பார்ட்டி என்று சொல்வது. அதில் காருக்குள் இருப்பவருக்குக் காப்பு கிடையாது என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குடும்பத்துக்குக் கம்பெனியிடமிருந்து ஒன்றும் இல்லை. வேண்டுமானால் கார் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் பாலிசிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் பேசியது பம்பரைத்தான். உத்தரவு போனது பற்றிக்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது எழுப்பிய கேள்வியும் சேர்ந்து போய்விட்டதே என்பதுதான் உறுத்தல்.

பழைய வண்டிக்கு எதுக்கு ஃபுல்?

தப்பு எங்கே நடக்கிறது என்று பார்த்தால், அநேகமாக வண்டிக்கு எட்டு, பத்து வயதாகும்போது. ‘இனிமே என்ன விலை போகப்போகுது, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கலாம்’ என்று ஒரு முடிவு எடுக்கிறோம். வண்டிக்கு அது நியாயமான கணக்கு. ஒன்றரை லட்சம் பெறுமான காரின் கதவில் கோடு விழுந்தால் கையிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு டிக் மாறும்போது, தகரத்தோடு சேர்த்து உள்ளே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தையும் பாலிசியிலிருந்து இறக்கிவிடுகிறோம்.

நாம் ஃபுல் என்று சொல்வதற்குப் பாலிசித் தாளில் ‘பேக்கேஜ் பாலிசி’ என்று பெயர். அதன் இரண்டாம் பிரிவில், மூன்றாம் நபருக்கான பொறுப்பைச் சொல்லும் இடத்தில், காரில் பயணிப்பவர்களும் அடக்கம், ஆனால் அவர்கள் வாடகைக்கோ கூலிக்கோ ஏற்றப்பட்டவர்களாக இருக்கக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. மொத்தப் பாலிசியிலும் குடும்பத்துக்கு உயிரான வரி அதுதான். தேர்ட் பார்ட்டி பாலிசியோ மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியதை மட்டும் தரும். இனாமாக உட்கார்ந்து வருபவர் அந்தக் கட்டாயத்துக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2000களிலேயே சொல்லிவிட்டது. பேக்கேஜ் பாலிசி வைத்துக்கொண்டே ‘பயணிக்குக் கிடையாது’ என்று வாதாடிய கம்பெனிகளும் உண்டு. 2009 நவம்பரில், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை விட்டு, தனியார் காரின் பேக்கேஜ் பாலிசியில் பயணிகள் அடக்கம் என்று உறுதிப்படுத்தியது. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துச் சொன்னது. பேக்கேஜ் என்றால் உண்டு, ஆக்ட் என்றால் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

இதற்கு எவ்வளவு அதிகம் கட்ட வேண்டும்? 1000 சிசிக்கு உட்பட்ட ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி இதற்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். 1000 முதல் 1500 சிசி என்றால் 3,416, அதற்கு மேல் 7,897. இது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான், பேரம் கிடையாது. சொந்தச் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பத்து வயது கடந்த காரின் ஐ.டி.வி., அதாவது கம்பெனி ஏற்றுக்கொள்ளும் மதிப்பு, ஒன்றரை லட்சம் என்று வைப்போம். பழைய டாரிஃப், அதாவது கட்டணப் பட்டியல் விகிதத்தில் சுமார் 3.4 சதவீதம் போட்டால் 5,100 ரூபாய். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு நோ கிளைம் போனஸ் 50 சதவீதம். மீதி 2,550. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,000 ரூபாயைச் சுற்றி நிற்கும். இன்று கம்பெனிகள் தரும் தள்ளுபடியில் இன்னும் குறையும். தேர்ட் பார்ட்டிக்கு மாறி ஒருவர் மிச்சம் பிடிப்பது வருடத்துக்கு இந்த மூவாயிரத்தைத்தான். குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வர அடிக்கும் பெட்ரோலுக்குக்கூடப் பத்தாது.

வண்டி ரொம்பப் பழசாகிவிட்டால் பல கம்பெனிகள் ஆன்லைனில் பேக்கேஜ் தராது. வண்டியை நேரில் காட்டி, போட்டோ எடுத்து வாங்க வேண்டியிருக்கும். அப்படியும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் காரில் குடும்பத்தோடு நெடுஞ்சாலை ஏறுவதைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டியரிங் பிடிப்பவர் கணக்கில் இல்லை

இப்போது முன்சீட்டுக்கு வருவோம். பேக்கேஜ் பாலிசியே இருந்தாலும், வண்டியின் உரிமையாளர் தன் பாலிசிக்குத் தானே மூன்றாம் நபர் ஆக முடியாது. எதிரே வந்த லாரி மீது தப்பு என்றால் லாரியின் இன்சூரன்ஸ் தரும், அது வேறு கதை. ஆனால் விடிகாலை நாலரை மணிக்குக் கண் சொருகி உளுந்தூர்ப்பேட்டை தாண்டி சென்டர் மீடியனில் ஏறினாலோ, டயர் வெடித்துப் புளியமரத்தில் மோதினாலோ, எதிர்த்தரப்பு என்று ஒருவரும் இல்லை. அங்கே உரிமையாளரின் குடும்பத்துக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு. பாலிசியில் ‘சி.பி.ஏ.’ அல்லது ‘பி.ஏ. ஓனர் டிரைவர்’ என்று இருக்கும். தொகை 15 லட்சம். 2018 வரை காருக்கு இது வெறும் 2 லட்சமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னதன் பேரில்தான் 15 லட்சம் ஆனது.

15 லட்சம் பெரிய தொகையா? எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றம் போடும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயது 38, நிரந்தர வேலை, மாதச் சம்பளம் 40,000. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. வருட வருமானம் 4,80,000. நாற்பது வயதுக்குள் நிரந்தர வேலை என்பதால் வருங்கால உயர்வுக்காக 50 சதவீதம் சேர்த்தால் 7,20,000. நம்பியிருப்பவர்கள் நாலு பேர் என்பதால் இறந்தவரின் சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்தால் 5,40,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 15. ஆக, 81 லட்சம். ஈமச் செலவு போன்ற சில்லறைகள் தனி.

இதே மனிதர் நண்பரின் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய், நண்பர் தூங்கி வழிந்து மரத்தில் மோதியிருந்தால், நண்பரிடம் பேக்கேஜ் பாலிசி இருக்கும் பட்சத்தில் குடும்பம் 81 லட்சம் கேட்கலாம். தன் காரைத் தானே ஓட்டிப் போனதால் 15 லட்சம். அதே ஆள், அதே மரம், அறுபத்தாறு லட்சம் வித்தியாசம். இந்த இடைவெளியைக் கார் இன்சூரன்ஸால் அடைக்க முடியாது. சம்பாதிக்கிறவர் ஒவ்வொருவர் பேரிலும் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசியும் ஒரு டெர்ம் பாலிசியும் (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பு) வேண்டும். விபத்துப் பாலிசி எடுக்கும்போது, வேலைக்குப் போக முடியாத நிரந்தர ஊனத்துக்கும், சில மாதம் படுக்கையில் கிடந்தால் வாராவாரம் தரும் தொகைக்கும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். சாவைவிட அதிகம் குடும்பத்தைக் கரைப்பது படுக்கைதான்.

சி.பி.ஏ.யிலும் கண்ணிகள் உண்டு. பாலிசியில் பெயர் இருப்பவரும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரும் ஒருவராக இருக்க வேண்டும். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். இறப்பு, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் நேர்ந்திருக்க வேண்டும். ஒரு கண் அல்லது ஒரு கை, கால் போனால் பாதித் தொகைதான். ஆஸ்பத்திரிச் செலவு இதில் வராது.

நம் ஊரில் பெரும்பாலும் சிக்குவது முதல் நிபந்தனையில். லோன் வசதிக்கு, ராசிக்கு, இல்லை ஆசைக்கு என்று காரை மனைவி பேரில் பதிகிறோம். ஓட்டுவது கணவர். மனைவிக்கு லைசென்ஸே இருக்காது. இந்த வீட்டில் சி.பி.ஏ. யாருக்கும் பயன்படாது. ஓட்டிய கணவர் உரிமையாளர் அல்ல. உரிமையாளரான மனைவிக்கு லைசென்ஸ் இல்லை. மூன்றாம் நபர் என்று கணவருக்குக் கேட்கலாமா என்றால், இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது குறுக்கே வரும். அப்பா காரை ஓட்டும் மகனுக்கும் இதே நிலைமைதான். காரை ஓட்டப்போகிறவர் பேரிலேயே பதிவது நல்லது. ஏற்கெனவே பதிந்தாயிற்று என்றால், ஓட்டுபவர் பேரில் தனி விபத்துப் பாலிசி எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு ஓட்டை புதுக் கார் வாங்கியவர்களுக்கு. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி ஒரேயடியாக எடுத்தாக வேண்டும். ஓன் டேமேஜ் மட்டும் வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். ஷோரூமில் சி.பி.ஏ.யை அநேகமாக ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். இரண்டாம் வருடம் போனில் நாலு தட்டுத் தட்டி ஓன் டேமேஜை மட்டும் புதுப்பிக்கும்போது, சி.பி.ஏ. சத்தமில்லாமல் விழுந்துவிடும். ‘ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி இருக்கிறது’ என்ற கட்டத்தை, பிரீமியம் சில நூறு குறைகிறதே என்று, இல்லாமலே டிக் செய்பவர்களும் நிறைய.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு

பாலிசி பி.டி.எஃப்.பின் முதல் பக்கத்தில் பிரீமியம் அட்டவணை இரண்டு பத்தியாக இருக்கும். இடப்பக்கம் ஓன் டேமேஜ், வலப்பக்கம் லயபிலிட்டி, அதாவது பிறருக்கான பொறுப்பு. நாம் பார்ப்பது இடப்பக்கத்தை, அதுவும் ஐ.டி.வி.யை. குடும்பம் இருப்பது வலப்பக்கத்தில். தலைப்பில் ‘பேக்கேஜ்’ என்று இருக்கிறதா, ‘லயபிலிட்டி ஒன்லி’ என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘ஸ்டாண்ட்அலோன் ஓன் டேமேஜ்’ என்று இருந்தால், தேர்ட் பார்ட்டி பாலிசி தனியாக எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து, பயணிகளைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டும்.

அடியில், பாலிசியில் சேர்த்த கூடுதல் ஷரத்துகளைக் குறிக்கும் ஐ.எம்.டி. என்று சில எண்கள் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். 16 இருந்தால் பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கு விபத்துக் காப்பு உண்டு. சீட்டுக்கு அதிகபட்சம் 2 லட்சம்தான். ஐந்து சீட்டுக்கும் சேர்த்து 500 ரூபாய் கணக்கு. தொகை சின்னது என்றாலும் யார் மீது தப்பு என்ற வழக்கெல்லாம் இல்லாமல் கிடைக்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அதுவாவது இருக்கட்டும். 28 என்பது சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான பொறுப்பு, 50 ரூபாய். ஆக்டிங் டிரைவர் வைத்து ஊருக்குப் போகிற வீடுகளுக்கு இது அவசியம். 20 என்ற எண் மட்டும் கண்ணில் பட்டால் உடனே ஏஜென்டைக் கூப்பிட வேண்டும். அடுத்தவர் சொத்துக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்குச் சாதாரணமாக 7.5 லட்சம் வரை காப்பு உண்டு. நூறு ரூபாய் தள்ளுபடிக்காக அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளும் ஏற்பாடுதான் அந்த 20. ஆறாயிரத்துக்கு இன்று எதிரே வரும் காரின் ஒரு பம்பர்கூட வராது. மீதியை நம் சேமிப்பிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு நல்ல பாலிசியையும் வெறுங்காகிதம் ஆக்கும் காரியங்களும் இருக்கின்றன. சபரிமலை சீசனில் வெள்ளை போர்டு வண்டியை ‘டீசல் போட்டு ஆளுக்கு இவ்வளவு’ என்று ஓட்டுவது ஒன்று. மேலே சொன்ன வரியிலேயே வாடகைக்கு ஏற்றியவர்கள் விலக்கு. பதினேழு வயதுப் பையனிடம் தெருமுனை வரைதானே என்று சாவியைக் கொடுப்பது இன்னொன்று. லைசென்ஸ் இல்லாதவர் இடித்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். வீடு, நிலம் எதுவும் தப்பாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் தனி.

பழைய கார் வாங்குபவர்கள் ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு நின்றுவிடுகிறார்கள். 14 நாளுக்குள் பாலிசியையும் தங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டப்படி தேர்ட் பார்ட்டி மட்டும் தானாகக் கூட வரும். ஓன் டேமேஜும் சி.பி.ஏ.யும் வராது. விற்றவரின் நோ கிளைம் போனஸும் அவரோடு போய்விடும், அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அந்த போனஸை இழந்துவிடாமல் இருக்க, பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் போதும் என்பது உண்மை. ஆனால் அந்த 90 நாளும் காப்பு இருப்பதாக நினைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிந்த நாள் நள்ளிரவோடு எல்லாம் முடிந்தது.

பம்பர் டு பம்பர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள். இன்றைய கார்களில் வெளியே தெரிவதில் பாதி பிளாஸ்டிக்தான் என்பதால், முதல் ஐந்து வருடத்துக்கு அது லாபமே. சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு எஞ்சின் காப்பும் வேண்டும். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த காரைப் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுக்கு, தண்ணீரை அமுக்கப்போய் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே போனது. அந்தச் சேதம் சாதாரணப் பாலிசியில் வராது. ஆனால் பணம் அளவாக இருக்கும் வீட்டில் இவையெல்லாம் கடைசி வரிசை. முதலில் பேக்கேஜ், சி.பி.ஏ., ஓட்டுபவர் பேரில் தனி விபத்துப் பாலிசி, குடும்பத்துக்கு மெடிக்கல் பாலிசி. அடிபட்ட உடனே ஆகும் செலவுக்கு, முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகான ஆஸ்பத்திரி பில்லுக்கு எம்.சி.ஓ.பி. தீர்ப்பு வரும்வரை எந்த மருத்துவமனையும் காத்திருக்காது.

கடைசியாக ஒன்று. சி.பி.ஏ. தானாக வராது. எம்.சி.ஓ.பி. வழக்கு வக்கீல் பார்த்துக்கொள்வார், அதோடு சேர்ந்து இதுவும் வரும் என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., லைசென்ஸ் நகல்களோடு அந்தக் கம்பெனிக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலிசியில் நாமினி என்ற வரியையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் முதல் கார் வாங்கியபோது எழுதிய அப்பா பெயர், அவர் காலமான பிறகும் வருடாவருடம் அப்படியே புதுப்பிக்கப்பட்டு வந்துகொண்டிருக்கலாம்.